பழைய ஜாவாவை அழித்தவள்

அழித்தவள் நான்தான். செந்தில் அல்ல.

மரக்காணம் உப்பளத்து எடைமேடையில் கணினி பார்க்கிறவள் நான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. எதைத் தொட்டாலும் கெட்டுவிடுமோ என்று நடுங்குகிறவள்... அந்த நடுக்கமே என் விரலை நீட்ட வைத்தது என்றால் நம்புவீர்களா?

எடை போடும் புரோகிராம் ஓட ஜாவா என்ற இன்னொரு மென்பொருள் கணினியில் இருக்க வேண்டும்; அதுவும் பழைய ஜாவாதான். வரி பில் போடும் புரோகிராமோ புது ஜாவா கேட்டது. கணினி பழுது பார்க்கும் செந்தில் வந்து, இரண்டு ஜாவாவையும் தனித்தனியே வைத்து, எந்தப் புரோகிராம் எதை எடுக்க வேண்டும் என்று அமைத்துக் கொடுத்தான்.

"அக்கா, ரெண்டும் இருக்கட்டும். பழசுதானேன்னு தூக்கிடாதீங்க."

"ரெண்டும் சண்ட போட்டுக்காதாப்பா?"

"நீங்க குறுக்க போவாத வரைக்கும் போடாது!" என்று சிரித்தான்.

மறுநாள் அஞ்சலை அக்காவின் உப்புக்கு லாரி வந்தது. குத்தகைப் பாத்தியில் அவள் வாரிக் குவித்த கடைசி உப்பு அம்பாரம். காலி லாரியை எடை போட்ட பிறகே அம்பாரத்தை மூடிய தென்னங்கீற்றைப் பிரிப்பது இங்கே வழக்கம். எடை போட்டேன். பிரித்துவிட்டார்கள். மட்கிய கீற்று... மறுபடி மூட உதவாது.

அப்போதுதான் திரையில் அந்த எச்சரிக்கை. பழைய ஜாவா ஆபத்து, நீக்கவா? தினமும் வருவதுதான். அன்று பயம் தாங்கவில்லை. 'ஆம்' என்று அழுத்தினேன்!

முதல் நடை உப்போடு லாரி மேடை ஏறியது. புரோகிராம் திறக்கவில்லை. அதை நிறுக்காமல் அடுத்த நடை ஏற்ற மாட்டார்கள்.

"ஏம்மா, உன் பொட்டி தூங்குதா? மானத்தப் பாரு!" என்றார் டிரைவர், கறுத்த வானத்தைக் காட்டி.

கடல் பக்கமிருந்து வந்தது மழை. வெள்ளை அம்பாரம் சரிந்து, கரைந்து, வாய்க்காலில் ஓடியது. அஞ்சலை அக்கா இற்ற கீற்றை அள்ளி அள்ளி மேலே போட்டுக்கொண்டிருந்தாள்.

முதலாளி கேட்டார். நான் சொன்னேன்: "நேத்து செந்தில் ஏதோ புதுசா போட்டான்... அப்புறம்தான் இப்படி."

ஒவ்வொரு சொல்லும் உண்மை! சேர்த்தால் பொய்.

அதன்பின் உப்பளத்தில் அவனை யாரும் கூப்பிடுவதில்லை. அஞ்சலை அக்கா டீக்கடையில் எல்லார் முன்னும் அவன்மீது மண்ணை வாரித் தூற்றினாள். அவனாகவே வந்து பழைய ஜாவாவைத் திரும்பப் போட்டான்.

"புதுசு பழசத் தின்னுடுச்சுபோலக்கா. நான் கவனிச்சிருக்கணும். என் தப்புதான்."

சொல்லியிருக்கலாம்... அறையில் நாங்கள் இருவர் மட்டுமே. சொன்னேனா?

"பரவால்ல, விடுப்பா" என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் அவனை மன்னித்தேன். கேட்டீர்களா... நான், அவனை!

இன்றும் எதிரே வந்தால், தலை குனிகிறவன் அவன்தான்.