பூசையன்று ஓடிய லேத்

ஓசூரில் நான் ஃபிட்டராக இருந்த தொழிற்சாலைக்குள் ஆயுத பூசையன்று மட்டும் குடும்பத்தாரை விடுவார்கள். இரண்டாயிரத்துகளின் தொடக்கம் அது. "வர்றவங்க யாரும் மெஷின் கிட்ட போவாம பாத்துக்க" என்று சூப்பர்வைசர் என்னை நிறுத்தியிருந்தார். மெஷின்களுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி முடித்திருந்தோம். பொரி கொடுக்கும் இடத்தில் ஒரே கூட்டம். நான் அங்கே நெரிசலை விலக்கிக்கொண்டிருந்தேன்.

முதுகுக்குப் பின்னால் இரும்பு கடையும் லேத் ஓடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

அதை ஓட்டுகிறவர் ஜவளகிரிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். தன் வேலையை மனைவிக்குக் காட்டும் ஆசையில் சுவிட்சைப் போட்டுவிட்டார். அவள் குனிந்து பார்த்தாள். முந்தானை சரிந்து விழுந்தது. இரும்பைக் கவ்விச் சுழலும் சக், அதையும் கவ்விக்கொண்டது.

ஒரே இழுப்பு. ஊன்றப்போன அவள் இடது கை சக்கில் அடிபட்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சேலை கழுத்தைச் சுற்றி இறுகியது. கணவர் சிலை மாதிரி நின்றார்.

"ஏல, ஆஃப் பண்ணுல!" என்று கத்திக்கொண்டே ஓடி, அவரை இடித்துத் தள்ளிவிட்டு மெஷினை நிறுத்தும் கால் லீவரை மிதித்தேன். பழைய மெஷின், உடனே நிற்காது. அவள் கண்கள் பிதுங்கின. மெஷினில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் சேலையைக் கிழித்தேன். தோளில் குத்தியிருந்த ஊக்கு சதையோடு பிய்ந்தது. ரவிக்கையும் கிழிந்தது. இருவரும் தரையில் விழுந்தோம்.

அத்தனை பேர் பார்க்க, பாவாடையோடு தன் மனைவி என்மேல் கிடப்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"எம் பொண்டாட்டி சீலையவாடா உருவுற?" விலாவில் உதைத்தார். எழப்போனவனின் வாயில் குத்தினார். ஒரு பல்லைத் துப்பினேன். மறுபடி காலைத் தூக்கினார்.

அதற்குள் அவள், முறிந்த கை தொங்க, மற்றக் கையால் பூசைத் தட்டை எடுத்து அவர் மண்டையில் அடித்தாள். திருநீறும் ரத்தமும் அவர் முகத்தில் வழிந்தன.

"யோவ், அவர எதுக்குய்யா அடிக்கிற? என்னிய இழுத்தது உன் மிசினுய்யா!" என்றாள். அப்படியே சரிந்து விழுந்தாள்.

என் காக்கிச் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன். கம்பெனி வேனில் மூவருமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவர் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கோ அவரை அடிக்க வேண்டும் என்ற வெறி தணியவில்லை.

அவள் கைக்குத் தகடு வைத்தார்கள். முழுதாக மடக்க முடியாமலே போனது. அவர் லேத்தை விட்டுவிட்டு பேக்கிங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கினார்.

அடுத்த வருடம் குடும்பங்களையே விட வேண்டாம் என்றது நிர்வாகம். வரட்டும் என்று சண்டை போட்டேன். பூசைக்கு முன்பே மெஷின்களின் ஃபியூஸ்களைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். எல்லா வீட்டுப் பெண்களும் வந்தார்கள். அவர் மட்டும் தனியாக வந்தார், கேட் அருகிலேயே நின்று பொரியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்.