சன்ரூஃபுக்கு ஊற்றிய தேங்காய் எண்ணெய்

காருக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றியவர் உங்களில் யாராவது உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள்... எனக்கும் துணைக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.

போன வாரம் நடந்தது. எங்கள் அடுத்த வீட்டு யோகராஜா, பண்டாரவளைச் சந்தையில் கரட் மூட்டை ஏற்றி இறக்குபவர். அவர் மனைவி சுமதிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. மூன்று வாரம் வைத்துப் பார்த்தார்கள். புதன்கிழமை டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான் — குழந்தைக்குக் குளிர் படக் கூடாது.

யோகராஜா ஒரு வேன் பேசி வைத்திருந்தார். நான் சும்மா இருந்தேனா?

"வேன் எதுக்குங்க? நம்ம காரு இருக்கே" என்றேன்.

என்னுடையது பழைய ஜப்பான் கார். கூரையில் கண்ணாடிக் கதவு — சன்ரூஃப். மூடுபனி ஊரில் வெயிலுக்காக அதைத் திறக்கும் நாட்களை விரல் விட்டு எண்ணலாம். ஆனாலும் "சன்ரூஃப் இருக்கு" என்று சொல்லும்போது நான் ஓர் அங்குலம் வளர்ந்துவிடுவேன். யோகராஜா வேனை வேண்டாமென்றார். வேன்காரர் வேறு ஹயர் பிடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காரைக் கழுவிவிட்டுச் சன்ரூஃபைத் திறந்தேன். கிரீச்சென்றது. ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். கண்ணாடி ஓடும் தடத்துக்குக் கிரீஸ் போடச் சொன்னார்கள். வீட்டில் கிரீஸ் இல்லை. அடுப்படியில் தேங்காய் எண்ணெய் இருந்தது... தாராளமாக ஊற்றினேன். ஊறட்டும் என்று பாதி திறந்தபடியே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

காலை ஆறரை. பட்டனை அழுத்தினால் மோட்டார் முனகியது. கண்ணாடி அசையவில்லை. இன்னொரு முறை... அதே முனகல். மூன்றாம் முறை அழுத்தக் கை வரவில்லை. மோட்டாரும் போய்விட்டால்? பாதி திறந்த கூரை வழியாகப் பனி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

என் மனைவி ராஜி வந்தாள். தடத்தை விரலால் சுரண்டிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, மெழுகுதிரி மாதிரி.

"என்னத்தங்க ஊத்துனீங்க?"

சொன்னேன்.

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெயே போத்தல்ல கல்லாட்டம் நிக்குது. அடுப்புப் பக்கத்துல வச்சாத்தான் எளகுது. இத்தன வருஷமா இந்த ஊர்லதானே குளிக்கிறீங்க?"

அந்த நேரம் பார்த்து யோகராஜா வந்தார். அயன் பண்ணிய சட்டை, தோளில் குழந்தைக்கான புதுப் பை. நான் விஷயத்தைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடியாட்டி சொல்லிருங்கண்ணே. இன்னொரு நாள் வச்சிக்கிறாங்களான்னு கேட்டுப் பாக்குறேன். சுமதி நேத்தே உடுப்பெல்லாம் மடிச்சி வச்சிட்டா... அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ராஜி கேத்தலை அடுப்பில் வைத்தாள். சுடுதண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து தடத்தின் மேல் போட்டோம். கட்டி இளகியது. பழைய கிரீஸும் தூசியும் கலந்து கறுப்புக் களியாக வந்தது. யோகராஜா அயன் கலையாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுத் துடைக்க ஆரம்பித்தார். மூலைகளுக்குள் விரல் போகவில்லை. அவர் பையைத் திறந்து ஒரு பாக்கெட் இயர் பட்ஸை எடுத்தார்.

"அது பாப்பாவுக்கு வாங்குனதுங்க" என்றேன்.

"இதுவும் பாப்பாவுக்குத்தாண்ணே."

பாக்கெட் காலியாகும்போது தடம் பளிச்சென்று இருந்தது. மோட்டாரை நம்பப் பயம். உள் விளக்கின் மூடியைக் கழற்றினால், கையால் சுற்றி மூட ஓர் ஓட்டை இருக்கிறது. சைக்கிள் சாமான்களோடு கிடந்த அலன் கீயை அதில் வைத்து மெல்லத் திருகினேன். வெளியே ராஜி இரு கையாலும் கண்ணாடியைத் தள்ளினாள். யோகராஜா லொறிக்கு ரிவர்ஸ் சொல்வதுபோலச் சிங்களம் கலந்து குரல் கொடுத்தார்.

"வரட்டும்... வரட்டும்... ஹரி, ஹரி, போதும்."

மூடிவிட்டது. என்னை உள்ளே உட்காரவைத்து ராஜி ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றினாள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். நாம் செய்யும் பிழைகளைக் கண்டுபிடிக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கண்டுபிடித்த கையோடு துணியையும் எடுப்பவர்கள் எத்தனை பேர்? ராஜி என்னை ஏசாமலில்லை — ஆனால் கேத்தலை அடுப்பில் வைத்துக்கொண்டே ஏசினாள். யோகராஜா அதையும் செய்யவில்லை. இப்படி இரண்டு பேர் பக்கத்தில் இருப்பதற்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஹாலிஎல தாண்டியதும் மழை பிடித்தது. பின் சீட்டில் சுமதி. மடியில் துவாய்க்குள் ஒரு சின்ன முகம், நல்ல தூக்கம். கூரைக் கண்ணாடியில் மழை ஓடுவதைச் சுமதி அண்ணாந்து பார்த்தாள்.

"இது தொறக்குமாண்ணே?"

நான் வைப்பரின் வேகத்தைக் கூட்டினேன். அவள் பக்கத்தில் இருந்த யோகராஜா குழந்தையின் தொப்பியைச் சரி செய்தபடியே சொன்னார்.

"தொறக்காது சுமதி. அது சும்மா வெளிச்சத்துக்கு."

சுமதி, அது திறக்கும்மா... ஆனால் உன் மகள் நடக்கிறவரைக்கும் நான் திறக்க மாட்டேன்.