ரேடியேற்றரில் பச்சைத் தண்ணீர்

1. பஸ்ஸிலிருந்து சொகுசுக் காருக்கு

முப்பது வருடம் வாகனம் திருத்திய ஒருவன் தன் கெட்டித்தனங்களை எழுதத் தொடங்கினால் அது விளம்பரமாகிவிடும். அதனால் நான் விட்ட பிழை ஒன்றை எழுதுகிறேன். இப்போது கராஜ்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதுதான் கூடுதலாகப் பயன்படும்.

நான் மன்னாரில் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவன். எங்கள் பஸ்களில் ஹீற்றரும் இல்லை, ஏசியும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் ஒரு காலநிலை, மூடினால் இன்னொரு காலநிலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆக்லாந்துக்கு வந்து, ஒனெஹங்காவில் கிரஹாம் என்பவரின் சிறிய கராஜில் சேர்ந்தேன். அந்தோனி என்ற என் பெயரை அவர் முதல் நாளே டோனி ஆக்கிவிட்டார். அதிகம் கதைக்காத மனிதர்.

ஜப்பானில் ஓடிய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. தோல் இருக்கை, தானாக இயங்கும் கிளைமேட் கன்ட்ரோல், சக்கரம் வழுக்காமல் பார்க்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் எல்லாம் உள்ள பெரிய கார்களைச் சாதாரணக் குடும்பங்களும் வாங்கத் தொடங்கின. ஆனால் கூட வந்த கையேடும் பட்டன்களின் எழுத்தும் ஜப்பானிய மொழியில் இருந்தன. வாங்கியவருக்கும் தெரியாது, திருத்துகிறவருக்கும் தெரியாது. என்ன கோளாறு வந்தாலும் கிரஹாம் ஒன்றையே சொல்வார்:

"கம்பியூட்டர்தான், டோனி. இந்த ஜப்பான் கார்களுக்கு வேற வருத்தமே வராது."

2. டொக்டரின் கொப்பி

ஜூன் மாதம் இங்கே குளிர்காலம். ஒரு சனிக்கிழமை காலை அப்படியான கார் ஒன்று வந்து நின்றது. தடித்த கம்பளிக் கோட்டுடன் இறங்கிய பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். என் முகத்தையும் சட்டையில் தைத்திருந்த 'டோனி'யையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி தமிழோ?"

"ஓம். மன்னார்."

"அப்ப நல்லதாப் போச்சு. நான் டொக்டர் மங்கை. காருக்கு ரெண்டு வருத்தம். எழுதிக்கொண்டு வந்திருக்கிறன்."

யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் டொக்டராக இருந்தவர் அவர். இங்கே வந்ததும் அந்தப் படிப்பு செல்லாது என்றுவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றிக்கொண்டே பரீட்சை எழுதி, கடைசியில் பாஸ் பண்ணியிருந்தார். வேலை கிடைத்தது தெற்கே நாலு மணி நேர ஓட்டத்தில், எரிமலைகளுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஊர் ஆஸ்பத்திரியில். கணவரும் இரண்டு பிள்ளைகளும் இங்கே ஆக்லாந்தில், லின்ஃபீல்டில். ஞாயிறு மத்தியானம் புறப்பட்டுப் போவார், வெள்ளி மாலை திரும்பி வருவார். மலை ரோட்டில் ஓடப் பெரிய கார்தான் பாதுகாப்பு என்று கணவர் அதை வாங்கிக் கொடுத்திருந்தார்.

அவர் நீட்டிய பள்ளிக்கூடக் கொப்பியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு கிழமைக் குறிப்பு, நோயாளியின் படுக்கையில் தொங்குவது போல. கிரஹாம் எட்டிப் பார்த்து, "கம்பியூட்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டொக்டர் என் சிரிப்பைக் கவனித்துவிட்டார்.

"தம்பி, நோயாளி சொல்லுறதைக் கேக்காமல் எக்ஸ்ரே எடுக்க அனுப்புற டொக்டரை நான் நம்பமாட்டன். முதல்ல வாசியுங்கோ."

வாசித்தேன். சீராக ஓடும்போது ஹீற்றரில் சூடு வருகிறது. சிக்னலில் நின்றால் குளிர்காற்று. இறக்கத்தில் குளிர்காற்று. வளைவில் திரும்பும்போது டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். குளிர்காற்று வரும் நேரமெல்லாம் முன்கண்ணாடி புகை பிடித்து மூடுகிறது. ஒரு கையால் துடைத்தபடி ஓட்டுகிறேன்.

அடுத்த பக்கத்தில் இரண்டாவது வருத்தம். வழுக்கல் லைட் மழையில் வருவதில்லை. காய்ந்த ரோட்டில், தகனினி ஊர் தாண்டி மோட்டர்வேயில் நேராக ஓடும்போது வருகிறது. உடனே எஞ்சினின் இழுவை குறைகிறது. டிராக்ஷன் கன்ட்ரோலை நிறுத்தும் சுவிட்சை அமத்தினால் சரியாகிறது.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்திலேயே பாதி விடை இருந்தது. எஞ்சினின் சூடான தண்ணீர் ஒரு சின்ன ரேடியேற்றர் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் போய் வருவதால்தான் காருக்குள் சூடு வருகிறது. தண்ணீர் குறைந்து அதற்குள் காற்று புகுந்தால், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது மட்டும் தண்ணீர் அங்கே எட்டும். எஞ்சினுக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினேன். ஹீற்றர் ஹோஸ் ஒன்று கசிந்துகொண்டிருந்தது.

பிறகு டயர்களைப் பார்த்தேன். காரை விற்றவர்கள் பின்னுக்குப் போட்டிருந்த இரண்டு டயரும் முன் டயரைவிட ஒரு சைஸ் சின்னவை. சின்னச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும். பின் சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது என்று நினைத்துக் கார் எஞ்சினை அடக்கியிருக்கிறது. கம்பியூட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

விளக்கிச் சொன்னேன். டொக்டரின் முகம் மாறியது.

"அப்ப நான் அதை அமத்திப்போட்டு ஓடினது..."

"காஞ்ச ரோட்டில பரவாயில்லை. ஐஸ் ரோட்டில உங்களுக்கு ஒரு உதவியும் இல்லாமல் ஓடியிருக்கிறியள், டொக்டர்."

என் கையிலிருந்த கொப்பியை வாங்கி மூடினார். பிறகு மெல்லச் சொன்னார்: "போன கிழமை காலமை ஒரு வளைவில கார் சுத்தி, வந்த பக்கமே பாத்துக்கொண்டு நிண்டது. எதிரில ஒரு வாகனமும் வரேல்லை. இவருக்கு நான் சொல்லேல்லை. சொன்னால் வேலையை விடச் சொல்லுவார்."

3. ஒரு மணிக்குச் சாவி

அன்றே வேலையை முடித்தேன். ஒரே சைஸில் டயர், புது ஹோஸ். பழைய தண்ணீரை முழுதாக இறக்கி, குழாய்த் தண்ணீர் விட்டு, காற்றை வெளியேற்றினேன். ஓடாமல் நின்ற நிலையிலேயே சூடு வந்தது. கிரஹாம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கம்பியூட்டர் இல்லையா?" என்றார். அவரிடமிருந்து வந்த பெரிய பாராட்டு அது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். குழாய்த் தண்ணீரில் பாதியை இறக்கிவிட்டு ஆன்டிஃப்ரீஸ் ஊற்ற வேண்டும். தண்ணீர் உறையாமல் காக்கும் திரவம் அது. அது இருந்த கானை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஆவி பறக்க ஒரு டாக்ஸி வந்து நின்றது. அதை ஆறவைத்துவிட்டு நிமிர்ந்தபோது மணி ஒன்று. டொக்டர் வாசலில் நின்றார். நான் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தேன்.

4. திங்கட்கிழமை

திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு ஸ்பானர் உருண்டுபோனது. எடுக்கக் குனிந்தபோது அந்தக் கானைக் கண்டேன். சீல் உடைக்கப்படவில்லை.

ஆக்லாந்தில் என்றால் பெரிய விஷயமில்லை. இங்கே தண்ணீர் உறைகிற குளிர் வருவதில்லை. ஆனால் டொக்டரின் கார் மலையடியில் திறந்த வெளியில் நின்றது. அங்கே ஞாயிறு இரவு மழை, அதனால் தப்பியிருக்கும். திங்கள் இரவு வானம் வெளிக்கும், கடும் உறைபனி என்று காலை ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் உறைந்து விரிந்தால் ரேடியேற்றர் பிளக்கும். எஞ்சினிலேயே வெடிப்பு விழலாம்.

கிரஹாமிடம் போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "போன் எடு. உன்னை நீ பிறகு ஏசலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி எடுத்தாள். டொக்டர் பிரசவ அறையில், மூன்றரைக்குப் பிறகு எடு என்றாள். அந்த மூன்றரை மணி நேரத்தில் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. மூன்றரைக்கு டொக்டரே பேசினார்.

"என்ன தம்பி?"

"டொக்டர், நான் ஒரு பிழை விட்டிட்டன். உங்கட ரேடியேற்றரில பச்சைத் தண்ணிதான் நிக்குது."

"பச்சையா நிண்டால் நல்லதுதானே? அந்த மருந்து பச்சை நிறம்தானே?"

"ஐயோ, அந்தப் பச்சை இல்லை டொக்டர். வெறும் குழாய்த் தண்ணி! இண்டைக்கு இரவு ஐஸ் ஆயிடும்."

டொக்டர் வார்டில் கதைக்கிற குரலில் கேட்டார்: "இப்ப நான் என்ன செய்ய வேணும்?"

"அங்க ஆரும் உதவிக்கு இருக்கினமோ?"

இருந்தார். ஹெமி என்று ஒரு மாவோரி மனிதர். ஆஸ்பத்திரியில் கொதிகலன் முதல் கதவுப்பிடி வரை பார்ப்பவர். பெட்ரோல் நிலையத்துக்கு ஓடி ஆன்டிஃப்ரீஸ் வாங்கி வந்தார். போன் இருந்த அலுவலக ஜன்னலுக்கு நேரே ஆம்புலன்ஸ் ஏறும் சரிவு ஒன்று இருந்தது. காரின் மூக்கு மேலே பார்க்கும்படி அதில் நிறுத்தச் சொன்னேன். காற்று தானாக மேலேறி வெளியே போகும். தண்ணீரை இறக்கும் திருகு ரேடியேற்றருக்குக் கீழே இருந்தது; அங்கே கை போகிற இடைவெளி ஹெமியின் கைக்குப் போதவில்லை. டொக்டர் பிளாஸ்டிக் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்தார். ஹெமி ஜன்னலில் நின்று ரிசீவரைப் பிடித்தார்.

முதலில் நான் ஹெமிக்கு ஆங்கிலத்தில் சொல்ல, அவர் அதை டொக்டரிடம் கத்தினார். இரண்டு நிமிடத்தில் டொக்டருக்குப் பொறுமை போய்விட்டது. ரிசீவரை வெளியே நீட்டச் சொல்லிவிட்டு நேரே தமிழில் கத்தத் தொடங்கினார். நானும் ஒனெஹங்காவில் நின்று கத்தினேன்.

"தம்பி, திருகு அசையேல்லை!"

"ஹெமியிட்டக் குறடு இருந்தாலும் பாவிக்க வேண்டாம்! அது பிளாஸ்டிக், உடைஞ்சிடும். இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்திப் போட்டுத் திருப்புங்கோ!"

சமையலறையிலிருந்து கேத்தல் வந்தது. நான் தூரத்துச் சத்தங்களைக் கேட்டபடி நின்றேன். பிறகு ஹெமி சொன்னார், சிரித்துக்கொண்டு: "டொக்டர் நனைந்துவிட்டார், நண்பரே. திறந்துவிட்டது."

வாளியில் நாலு லீட்டர் இறங்கியதும் மூடச் சொன்னேன். ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஹீற்றரை ஆகக் கூடிய சூட்டில் வைக்கச் சொன்னேன்.

"காத்தே வரேல்லை, தம்பி!"

"அது பழுதில்லை டொக்டர். எஞ்சின் சூடாகும் வரைக்கும் விசிறி தானாப் பொறுத்து நிக்கும். அப்பிடித்தான் செய்திருக்கிறாங்கள். நீங்களும் பொறுங்கோ."

அங்கே வெளிச்சம் போகிறது என்று ஹெமி சொன்னார். பத்து நிமிடம் இருக்கும். கிரஹாம் என் முன்னால் ஒரு கோப்பைத் தேநீரை வைத்தார். நான் தொடவில்லை.

"வருது தம்பி! நிண்ட இடத்திலயே நல்ல சூடு! தண்ணிச் சத்தமும் இல்லை!"

ஆறிப்போன தேநீரை அப்போதுதான் எடுத்துக் குடித்தேன்.

5. அவர் சொன்னது

சனிக்கிழமை டொக்டர் வந்தார். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

"செவ்வாய்க்கிழமை விடிய காருக்கு மேல பனி கல்லா இறுகிக் கிடந்தது," என்றார். "ஒரு பண்ணை வீட்டில பிள்ளைக்கு மூச்சு இழுக்குது எண்டு போன். ஆம்புலன்ஸ் வேற ஊருக்குப் போயிட்டுது. நான்தான் போனன். உங்கட வழுக்கல் லைட்டும் ரெண்டு தரம் வந்தது. இந்த முறை உண்மையான ஐஸில. கார் மெதுவா என்னைப் பிடிச்சுக்கொண்டு போச்சுது."

"பிள்ளை?"

"சுகம். ரெண்டு நாளில வீட்ட போயிட்டான்."

அவர் தொடர்ந்தார்: "ஒண்டு கேக்கட்டோ? நீங்கள் போன் எடுக்காட்டி எனக்கு ஒண்டும் தெரிஞ்சிராது. எஞ்சின் வெடிச்சிருந்தாலும் குளிர் செய்த வேலை எண்டுதான் நினைச்சிருப்பன். பிறகேன் எடுத்தனீங்கள்?"

கிரஹாம் எடுக்கச் சொன்னார் என்றேன். அது முழு உண்மையில்லை. அவரிடம் போவதற்கு முன்னால், அந்தக் கானை அலுமாரியில் திருப்பி வைத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கையிலும் எடுத்தேன். அதையும் டொக்டரிடம் சொன்னேன்.

"எனக்கும் அப்பிடி நிமிஷங்கள் வந்திருக்கு, தம்பி," என்றார் அவர். "வார்டில."

பிள்ளைகளே, அதற்குப் பிறகும் நான் பிழை விட்டிருக்கிறேன். இறுக்காத நட்டு, மாறிப் போட்ட ஃபியூஸ், மறந்துபோன மூடி. ஒவ்வொரு முறையும் போன் எடுத்தேன். ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஒருவர் வேறு கராஜுக்குப் போய்விட்டார். மற்ற எல்லோரும் டொக்டர் கேட்டதைத்தான் கேட்டார்கள், இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று. அந்த நேரத்தில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள், பிழை விட்டவன்தான்.