மாமாவுக்குக் காட்டிய கூட்ஸ் வண்டி

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு உடம்பு வலிப்பதில்லை. இது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. இப்போது இரண்டு குடம் தண்ணீர் தூக்கினாலே நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கூட்ஸ் வண்டி பார்ப்பதைத் தவிர வேறு பிழைப்புக் கிடையாது.

பல்லடத்துக்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டத்துக் கிணறு, மழை பொய்த்துப் பொய்த்து அடிப்பாறை தெரிய வற்றிப்போனது. அந்த வருஷம் அப்பா இரண்டு எருதுகளையும் எங்களையும் ஓட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலைக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றில் குடியேறினோம். எதிரே ஆலையின் மதில். மதிலை ஒட்டியே, பெரிய ரயில் பாதையிலிருந்து பிரிந்து ஆலைக்குள் போகிற ஒற்றைத் தண்டவாளம். அதை எல்லோரும் சைடிங் என்றார்கள்.

மத்தியானம் மூன்று மணிவாக்கில் எஞ்சின் ஒன்று ஆறேழு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கடைசிப் பெட்டிவரைக்கும் ஓடி அடங்கும். அந்தச் சத்தத்துக்காக நான் சோற்றையும் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். பஞ்சுக்குப் பக்கத்தில் நெருப்புப்பொறி வரக்கூடாதென்று எஞ்சினை ஆலைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அது பெட்டிகளை வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, ஊதிக்கொண்டு போய்விடும். என் கொண்டாட்டம் அதற்குப் பிறகுதான்.

பெட்டிகள் ஒருநாளும் வேண்டிய வரிசையில் வந்ததில்லை. நிலக்கரி முன்னால் நிற்கும், பஞ்சு அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும். புதுக் கட்டடத்துக்கு மதுக்கரையிலிருந்து வந்த சிமெண்ட் பெட்டி நடுவில் நந்தி மாதிரி நிற்கும். உள்ளே பாதை இரண்டாகப் பிரிந்து ஒன்று கிடங்குக்கும் ஒன்று பாய்லருக்கும் போகும். எதை ஒதுக்கினால் எதற்கு வழி பிறக்கும் என்று தாயக்கட்டத்தில் காய் நகர்த்துவதுபோல நான் மதிலின் இடிந்த இடத்தில் உட்கார்ந்து மனசுக்குள் கணக்குப் போடுவேன். அவர்களும் அதேபடி செய்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

பெட்டிகளை இழுத்தவை எங்கள் எருதுகள். ஓட்டியவர் எங்கள் அப்பா. பின்னால் நாலு பேர் சக்கரத்துக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்புவார்கள். முன்னால் எருதுகள் முழங்கால் தரையில் படுமளவு குனிந்து சங்கிலியை இழுக்கும். பெட்டி அசைய மனசில்லாமல் அசையும். ஊரில் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைத்த எருதுகள் அவை. தண்ணீர் நிறைந்த தோல்சால் ஒன்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்குவதும், சால் கொட்டியதும் பின்புறமாகவே நடந்து மேலேறுவதும்தான் அவற்றுக்குத் தெரிந்த உலகம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் முப்பதடி போனதும் தாமாக நின்று பின்னால் கால் வைக்கும். நெம்புகிறவர்கள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்கமாட்டார். எருதின் கழுத்தைத் தட்டி, "கெணறு இல்லீடா, நட," என்பார்.

இந்த வேலை ஊருக்குத் தெரியாது. அப்பா சிங்காநல்லூரில் தோட்டம் குத்தகைக்கு எடுத்து வெள்ளாமை செய்கிறார் என்றுதான் உறவுக்காரர்களுக்குச் சொல்லியிருந்தது. முக்கியமாக மாமாவுக்கு. மாமா, அம்மாவின் அண்ணன். அவருடைய மகனுக்குத்தான் என் அக்கா என்று அவள் பிறந்தபோதே பேச்சு. மாமா சரியான திட்டுக்காரர். கிணற்றை ஆழப்படுத்தவில்லை என்று திட்டுவார், எருதைச் சரியாகக் கட்டவில்லை என்று திட்டுவார். "ஏனுங்க மாப்பிள்ளை, புத்தி இருக்குதுங்களா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தால் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். எங்கள் பக்கத்தில் திட்டும் மரியாதையோடுதான் வரும்.

அந்த மாமா ஒருநாள் முகூர்த்தம் பேச வந்தார். கையில் மஞ்சள் துணிப்பை, அதற்குள் தேங்காயும் வெற்றிலைபாக்கும். பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அக்கா உள்ளே புதுச்சேலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா கோழி வாங்க ஆளனுப்ப வழியில்லாமல் தானே கிளம்பினாள். போகும்போது என்னை ஒதுக்குப்புறமாக இழுத்து, "மாமா கேட்டா, அப்பா தோட்டத்துக்குப் போயிருக்காங்கன்னு சொல்லோணும், தெரிஞ்சுதா?" என்றாள்.

மாமா கேட்டார். நான் சொன்னேன். சொன்னதோடு என் கடமை தீர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பெட்டிகள் முட்டும் சத்தம் கேட்டது. கூட்ஸ் வண்டியைக் காட்டக்கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

"மாமா, வாங்க. பெட்டி மாத்தறதப் பாக்கலாம்," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மாமாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. எது பஞ்சு, எது கரி, எதை முதலில் ஒதுக்குவார்கள் என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நிலக்கரிப் பெட்டி கேட்டைத் தாண்டியது. முப்பதடி வந்ததும் எருதுகள் நின்று பின்னால் கால் வைத்தன. மாமாவின் தலையாட்டல் நின்றது. அவை அவர் வீட்டிலிருந்து அம்மாவுக்குச் சீர்வரிசையாக வந்த பசுவின் வழிவந்தவை. கவலை இறைக்கப் பழக்கியதே அவர்தான். கரிப்புழுதிக்கு முகத்தைத் துண்டால் மூடியிருந்த ஆளை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

நான் விடுவேனா? "அப்பா!" என்று கத்தினேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவரையும் பார்த்தார். துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

"வேலை செய்யறவங்களக் கூப்பிடக் கூடாது கண்ணு," என்றார் மாமா. ஆனால் உடனே போகவுமில்லை. கடைசிப் பெட்டி உள்ளே போகும்வரை அப்படியே நின்றார்.

விளக்கு வைத்ததும் அப்பா குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நகக்கண்ணில் கரி போகவில்லை.

"தோட்டமெல்லாம் எப்படீங்க மாப்பிள்ளை?" என்றார் மாமா.

"பரவாயில்லீங்க மச்சான். சோளம் இடுப்பளவு வந்திருக்குதுங்க."

"தண்ணி?"

"நல்லா ஊறுதுங்க."

"சந்தோசமுங்க. எருதெல்லாம் சொகமா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோட்டம் என்பது அம்மா சொல்லிக்கொடுத்த பொய் என்றல்லவா நினைத்திருந்தேன்? அப்பா சொல்வதைக் கேட்டால் வரப்பு, வாய்க்கால், கிளி விரட்டுகிற பரண் எல்லாம் இருந்தது. இப்படி ஒரு தோட்டத்தை வைத்துக்கொண்டு என்னை ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகவில்லையே என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கேட்டேவிடலாம் என்று பார்த்தால், கதிர் பிடிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அப்பா சோற்றில் கைவைத்தபடி தூங்கிப்போயிருந்தார்.

"எழுப்பாதே அம்மணி, தூங்கட்டும்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாமா மெதுவாக எழுந்து கைகழுவினார். பல்லடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்றார். ஆணியில் மாட்டியிருந்த பையை அவரே எடுத்துக்கொண்டார். மறந்துபோய் எடுக்கிறார் போலிருக்கிறது என்று நான் பின்னாலேயே ஓடி, "மாமா, தேங்காப் பை?" என்றேன். "அது இன்னொரு நாளைக்குக் கண்ணு," என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது அம்மா அகப்பையும் கையுமாக நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "ஒரு வார்த்த திட்டாமப் போயிட்டாங்களே," என்று சொல்லி அழுதாள். திட்டாததற்கு யாராவது அழுவார்களா? உள்ளே அக்கா புதுச்சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஐப்பசியில் மாமா மகனுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கல்யாணம் நடந்தது. எங்களையும் முறையாக அழைத்திருந்தார்.

மறுநாள் காலையில் எருதுகளுக்கு வைத்திருந்த தவிட்டுத் தண்ணீரை நான் கைதவறிக் கவிழ்த்துவிட்டேன். அப்பா பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என்னை அப்படித் திட்டியதேயில்லை. "புத்தி இருக்குதா உனக்கு? எதச் செய்யறது, எதச் செய்யக் கூடாதுன்னு ஒண்ணும் தெரியாதா?" என்று ஆரம்பித்து, தவிட்டுக்கு மேலேயும் போய், தொண்டை கட்டும்வரை திட்டினார். பிறகு எருதின் கழுத்துப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் மூலையில் போய் முடங்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்குச் சத்தம் கேட்டது. எருதுகளை அவிழ்த்த அப்பா வாசலில் நின்றார்.

"கண்ணு, வண்டி வந்துருச்சு. பாக்க வாரயா?"

வரமாட்டேன் என்றேன். அவர் எருதுகளை ஓட்டிக்கொண்டு தனியாகப் போனார். திட்டுகிற அப்பாவோடு எனக்கென்ன பேச்சு? மாமா என்னை ஒரு சொல் சொன்னாரா, அப்பாவைத்தான் ஒரு சொல் சொன்னாரா? அவரைப்போல நல்லவர் எங்கள் உறவிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.