போன்ல மோப்பம் பிடிச்ச ஹாப்ஸ்

போன்ல எல்லாம் வரும், வாசனை மட்டும் வராது. அந்த வாசனையத்தான் நான் போன்ல விக்கறேன்.

ஹெட்செட் மாட்டி காது புண்ணான தோஸ்துங்களே, கேளுங்க. ஆம்பூர் ஷூ கம்பெனில தோல் தரம் பாத்துனு இருந்த நான், இப்ப பாகாயத்துல வீட்டு மாடி ரூம்ல உக்காந்து இங்கிலாந்து கடை ஒண்ணுக்கு போன் எடுக்கறேன். அங்க ஜனங்க வீட்லயே பீர் காய்ச்சுவாங்க. அதுக்கு கசப்பும் மணமும் குடுக்கற காஞ்ச பூதான் ஹாப்ஸ். எது வாங்கலாம்னு கேப்பாங்க, நான் சொல்லணும். பீர் நான் தொட்டதே இல்ல. கடை ஓனர் ஜூடித் மேடம் மொதல்லயே சொல்லிட்டாங்க: "கம்ப்ளைன்ட் குறையலன்னா உன் சீட்ல மெஷின் பேசும்."

வெள்ளைக்காரங்க பேச்ச நம்மூர் தமிழ்லயே சொல்றேன். மிமிக்ரிகாரன் வாய், சும்மா இருக்காது.

எந்த ஊரு?

கோவமா வர்ற கஸ்டமர்கிட்ட அவர் ஊர் ராகத்துலயே பேசிடுவேன். ஹெரால்டுன்னு ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர், வாரா வாரம் கம்ப்ளைன்ட். அவர மாதிரியே மூக்கால இழுத்து, பாதி வார்த்தைய முழுங்கி பேசினேன். மனுஷன் குளிர்ந்துட்டார். எந்த ஊருன்னு கேட்டார். பாகாயம்னேன். கொஞ்சம் யோசிச்சார்.

"ஆங், பாகாயம்! என் மச்சான் அங்கதான் வீடு பாத்தான், வாடகை ஜாஸ்தின்னு விட்டுட்டான்."

மொட்டை மாடி டெஸ்ட்

மோந்து பாத்து கத்துக்கச் சொல்லி மேடம் சாம்பிள் அனுப்பினாங்க. தோல்காரன் புத்தி எங்க போகும்? எதையும் சூரிய வெளிச்சத்துல பாத்தாதான் எங்களுக்கு நம்பிக்கை. பாக்கெட்ட பிரிச்சு, மொட்டை மாடில வேட்டி விரிச்சு கொட்டினேன். கத்திரி வெயில். குளிர்ல, இருட்டுல வெக்கணும்னு அட்டைல போட்டிருந்தத அப்பறம்தான் படிச்சேன். ரெண்டு நாள்ல பூ பழுப்பாயி, நாத்தம் படியிறங்கி சமையல்கட்டுக்கே வந்துடுச்சு. என் வீட்டுக்காரி சுகந்தி மூக்க பொத்திக்கினு மேல வந்தா.

"ஷூ கம்பெனிய விட்டுட்டு வந்தீங்க சரி, யாரோ போட்ட சாக்ஸ இன்னாத்துக்குங்க கூட்டினு வந்தீங்க?"

ஜன்னல்ல ஜாடி

அடுத்த வாரமே ஹெரால்டு குதிக்கறார். "கோல்டிங்ஸ் ஹாப்ஸ் அனுப்பினியா, குப்பை அனுப்பினியா? தேன் மாதிரி, பூ மாதிரி மணக்கும்னியே!"

"சார், போட்ட சாக்ஸ் மாதிரி அடிக்குதா?"

"ஆமா."

இங்க ஒரு கேப் விடணும். மிமிக்ரிகாரனுக்கு அந்த கேப்தான் சோறு. விட்டேன். அப்பறம், "கண்ணாடி ஜாடில போட்டு, வெயில் படற ஜன்னல்ல அழகுக்கு வெச்சிருக்கீங்க, சரிங்களா?"ன்னேன். அந்தப் பக்கம் குரல் கம்மியாச்சு.

"ஏம்பா, எங்க வீட்டு ஜன்னலாண்டதான் நிக்கறியா நீ?"

தம் போடற நேரம்

ஊர் பீர் போட்டிக்கு பேல் ஏல்னு பழைய ஸ்டைல் இங்கிலீஷ் பீர் காய்ச்சணும்னார் ஹெரால்டு. ஆனா ஆரஞ்சு வாசனை தூக்கற அமெரிக்கா ஹாப்ஸ் மேல கண்ணு. "அத போட்டா ஆரஞ்சு மிட்டாய்தான் வரும் சார்"னேன். கீழ சுகந்தி பிரியாணி செஞ்சுனு இருந்தா. அதையே பாடமா எடுத்தேன். பட்டை லவங்கம் மொதல்லயே போடறோம்ல, அந்த மாதிரி ஃபகிள்ங்கற ஹாப்ஸ். மண் வாசனை, அளவான கசப்பு, கொதி வந்ததுமே போட்டுடணும். புதினா கடைசில போடறோம்ல, அந்த மாதிரி கோல்டிங்ஸ். அடுப்ப அணைக்க கொஞ்சம் முன்னாடி. முந்திக்கினா மணம் ஆவியா போய்டும். புது பாக்கெட், ஃப்ரீசர்ல இருக்கணும், போடறப்போதான் பிரிக்கணும்.

ஹெரால்டுக்கு ஃபர்ஸ்ட் ப்ரைஸ்! சொல்லலாம்னு கடைக்கு போன் போட்டிருக்கார். அன்னிக்குன்னு பாத்து மேடம் மெஷின ட்ரையல் விட்டிருந்தாங்க. ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னு அது பேச, இவர் கத்தின கத்துல மேடமே ஓடி வந்து எடுத்தாங்களாம். உடனே எனக்கு போன். விஷயம் தெரியாத நான், வேலை போச்சுன்னு நெனச்சு மெஷின் குரல்லயே, "வணக்கம், என்ன வேலைய விட்டு தூக்க ஒண்ண அழுத்தவும்"னேன். மேடம் சிரிச்ச சிரிப்புல ஹெட்செட் அதிர்ந்துது.

"மெஷின நிறுத்திட்டேன். ஜன்னலாண்ட நிக்கறவன கூப்பிடுன்னு ஹெரால்டு பேஜார் பண்றார், நீயே பேசித் தொலை!"

ஒரு சொட்டு பீர் குடிக்காம, ரெண்டு நாள் சாக்ஸ் நாத்தத்த மட்டும் குடிச்சு வேலைய காப்பாத்திக்கினவன் இந்த பாகாயத்துல நான் ஒருத்தன்தான்.