பௌதிகவியல் டீச்சருக்கு ஒரு வீடு

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் அதிபராக இருந்தபோது, பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்க அனுமதி கிடைத்தது. சுற்றுவட்டத் தோட்டங்களில் அதுதான் முதல். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பௌதிகவியலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சிவகௌரி டீச்சர் நியமனமாகி வந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பையோடு என் அறை வாசலில் நின்றார்.

"சேர், குறை நினையாதேங்கோ. காலமை பஸ்ஸை விட்டால் ஹட்டனிலயிருந்து நடைதான். மழையில நனைஞ்சு காய்ச்சல் விடுகுதில்லை. இடமாற்றத்துக்கு எழுதித் தாங்கோ."

வலயக் கல்வி அலுவலகத்துக்கு போன் எடுத்தேன். "பதிலுக்கு ஆள் இல்ல. பிள்ளைகள கலைப் பிரிவுக்கு மாத்திடுங்க" என்றார்கள்.

பின்னேரம் பெற்றோரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான யோகேஸ்வரியின் அம்மா செல்வராணி, பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தார்.

"டீச்சருக்கு இங்கயே வீடு இருந்தா நிப்பாங்களா சேர்?"

"நிப்பாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"மேல் டிவிசன்ல பழைய பிள்ளைக்காம்பரா சும்மாதான கெடக்கு?"

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அந்தக் கட்டடத்தை மூடிப் பல வருஷமாகியிருந்தது. மறுநாள் பெண்கள் கூட்டமாகத் தோட்ட ஆபீஸுக்குப் போனார்கள். நானும் போனேன். ஏச்சு விழும் என்றுதான் நினைத்தேன்.

"கூரையே இல்லையே, யார் திருத்துறது?" என்றார் தோட்டத்தை நடத்தும் துரை.

"நாங்க திருத்துறோங்க" என்றார் செல்வராணி.

"அப்ப சரி. திருத்திட்டுக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பாதித் தோட்டம் அங்கே நின்றது. கூரைமேல் ஏறித் தகரம் அடித்துக்கொண்டிருந்த மாரிமுத்துவுக்குப் பிள்ளையே கிடையாது.

"ஒங்க வீட்ல யாரும் படிக்கலையே, மாரிமுத்து?"

"நம்ம தோட்டத்துல படிக்குதுங்களே சேர்!"

டீச்சர் வந்து பார்த்தார். "ஒரு தவணை நிண்டு பாக்கிறன் சேர்" என்றார். பதினொரு வருஷம் நின்றார்.

முதல் ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் பல்கலைக்கழகம் போனார்கள். அந்த இருவரில் ஒருத்தியான யோகேஸ்வரி முதல் தடவை தவறி, மறு தடவை எழுதிப் போனாள். அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகள் பதினோராம் ஆண்டின் சாதாரண தரப் பரீட்சையோடு நின்று கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த லயங்களிலிருந்து நில அளவையாளரும் தாதிமாரும் வங்கி உத்தியோகத்தரும் வந்தார்கள். அவர்கள் சம்பளத்தில் தம்பி தங்கைகள் படித்தார்கள்.

இந்த வருஷம் இறம்பொடைப் பக்கம் ஒரு பாடசாலை விழாவுக்குப் போயிருந்தேன். அங்கே யோகேஸ்வரிதான் பௌதிகவியல் ஆசிரியை.

"இங்க இன்னும் வெளியிலருந்துதான் டீச்சர்மார் வரணுமா?" என்று கேட்டேன்.

"இல்ல சேர், எல்லாப் பாடத்துக்கும் நம்ம புள்ளைங்களே வந்துட்டாங்க. வலப்பனைல ஒரு ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிக்கு ஆள் இல்லாம இருந்துச்சு. எங்கிட்ட படிச்ச ரெண்டு பேர் அங்க போயிருக்காங்க."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு மணியடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு ஆசிரியையை நிற்கவைக்கத்தான் அன்று எல்லோரும் பாடுபட்டோம். ஆள் கேட்டுக் கையேந்திய மலை, இன்று அடுத்த ஊருக்கு ஆள் கொடுக்கிறது.