நலம் விசாரிக்க வந்த குளுக்கோஸ்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளாஸ் குளுக்கோஸ் தண்ணீர் என் மகனை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தது. ஒரு கிளாஸ் இல்லை, இரண்டு. முதலாவது அவனைச் சாய்த்தது. இரண்டாவது, சாய்ந்தவனைத் தெளிய வைக்கக் கொடுத்தது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் மகன் சுரேஷ் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன முறை லீவில் வந்தபோது நூற்றிருபது கிலோ. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். முப்பது வயதிலேயே ரத்தத்தில் சர்க்கரை. இந்த முறை திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பாதி ஆளாக வந்து நின்றான். எடை குறைய அங்கேயே வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டானாம். எங்களிடம் சொன்னது எல்லாம் முடிந்து தையல் பிரித்த பிறகு... அதுவும் போனில், அவசர அவசரமாக.

இப்படியும் ஓர் ஆபரேஷன் உண்டா? உண்டு. இரைப்பையைச் சின்னக் கிண்ணம் அளவுக்குக் குறுக்கி, குடலைக் கொண்டுவந்து அதோடு தைத்துவிடுகிறார்கள். பிறகு சாப்பாட்டுக்குச் சட்டதிட்டங்கள். வேளைக்கு ஒரு பிடிதான். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. இனிப்பு கூடவே கூடாது — சர்க்கரை வயிற்றில் தங்காமல் நேராகக் குடலில் போய் விழும், உடம்பு தாங்காது.

எங்கள் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவனுக்குக் கஞ்சியும் பயறும்தான் சாப்பாடு. சோறும் தண்ணீரும் சேர்ந்தே வருகிற கஞ்சியை இவன் எப்படிக் குடிப்பான்? அதைக்கூடச் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாமல் போனது, பார்க்க வருகிறவர்களை.

கேரள எல்லையோர எங்கள் ஊர்களில், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும், சீக்காளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். ரொட்டி, ஆரஞ்சு, குளுக்கோஸ் பாக்கெட். கொடுத்துவிட்டுப் போனால் பரவாயில்லை. கலக்கி, கண் முன்னால் குடிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அவன் சீக்காளி இல்லை என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆள் பாதியாக அல்லவா வந்திருக்கிறான்! இரண்டு பேர் என்னைத் தனியே அழைத்து, புற்றுநோயா டீச்சர் என்றே கேட்டுவிட்டார்கள்.

ஞாயிறன்று வந்தவள் என் கணவரின் அக்கா, தங்கம் மயினி. கொல்லயில் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நான் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சுரேஷ் எவ்வளவோ சொல்லியிருக்கிறான். மயினியின் குரல்தான் கிணற்றடி வரை கேட்டது.

“எலே, எலும்பும் தோலுமா இருந்துட்டு வேண்டாம்னா? வெறும் வெள்ளமாக்கும். குடி மக்கா. நீ குடிக்காம நான் பஸ்சுக்குப் போவமாட்டேன்.”

வெறும் தண்ணீர் என்று அவள் சொன்ன குளுக்கோஸை நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் குடித்துவிட்டான். அத்தனை தூரம் வந்தவளை எப்படிச் சங்கடப்படுத்துவது?

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சட்டை தெப்பமாக நனைந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு ஓடினான். திரும்பி வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. “அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்கு” என்றபடி நாற்காலியில் சரிந்தான். நான் ஜீப் பிடிக்க ரோட்டுக்கு ஓடினேன்.

மயக்கம் வந்தவனுக்கு நம் வீடுகளில் என்ன கொடுப்போம்? மயினியும் அதைத்தான் கொடுத்தாள். இன்னும் கெட்டியாகக் கலந்து, தலையைத் தாங்கிப் பிடித்து, தாய்போலக் கொடுத்திருக்கிறாள். நான் திரும்பும்போது கிளாஸ் காலி.

நெய்யாற்றின்கரை போய்ச் சேரும் வரை நான் அவன் கையை விடவில்லை. நாடி பார்க்க எனக்குத் தெரியாது. அது ஓடுகிற ஓட்டம் மட்டும் தெரிந்தது. இதை எழுதும்போதும் என் விரல்களில் அது இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர். மலையாளத்தில் அவர் முதலில் கேட்டது, என்ன சாப்பிட்டான் என்றுதான். ஈசிஜி எடுத்துப் பார்த்தார். இதயத்தில் கோளாறு இல்லை; குளுக்கோஸ் நேராகக் குடலில் விழுந்ததுதான் காரணம். அல்சருக்காக வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறாராம். படுக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக அடங்கியது. பிறகு, கூட வந்திருந்த மயினியைப் பார்த்து, இனி பார்க்கப் போனால் ஒன்றும் கொடுக்காதீர்கள், சும்மா பேசிக்கொண்டிருங்கள் என்றார்.

சும்மா பேசுவதா? அதைவிடக் கஷ்டம் உண்டா? யோசித்துப் பாருங்கள் — படுத்திருப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து நாம் என்ன பேசியிருக்கிறோம்? குடி... தின்னு... இன்னும் கொஞ்சம்... வாய்க்குள் எதையாவது கொடுத்துவிட்டால் போதும். அந்த வாய் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

புதன்கிழமை மயினி மறுபடி வந்தாள். வெறுங்கையோடு. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவள் மாதிரி முந்தானையைத் திருகிக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்த சுரேஷுக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். நான் அவளுக்குக் காபி போட உள்ளே போனேன். அவள் கேட்டது அங்கே காதில் விழுந்தது.

“மக்கா, வயிறு கீறும்போ உனக்கக் கூட ஆரு உண்டாயிருந்து?”

“ஆரும் இல்ல மாமி. ரூம்ல கூட உள்ளவனுக்கு டூட்டி.”

“பின்ன?”

“கண்ணு முழிச்சப்போ தொண்ட காஞ்சு கிடந்து. வெள்ளம் தரமாட்டாவ. ஒரு மலையாளி சிஸ்டர் பஞ்ச நனச்சு உதட்டில தொட்டா. அப்போதான் அழுகை வந்து.”

“எங்ககிட்ட ஒரு வாக்கு சொல்லக்கூடாதா?”

“சொன்னா அம்மா விட்டிருக்க மாட்டா. அந்த எடையோட கிடந்தா ரொம்ப நாளு இருக்கமாட்டேன்னு டாக்டர் சொல்லியாச்சு மாமி.”

அடுக்களையில் ஸ்டவ்வை அணைத்துவிட்டு நின்றேன். அவன் வந்த நாள் முதல் நான் கேட்டதெல்லாம் என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், வயிறு எப்படி இருக்கிறது... அவ்வளவுதான்.

காபியை மயினியிடம் கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். சுரேஷ் தட்டில் ஓர் அவித்த முட்டை. டாக்டர் சொன்னபடி மென்று தின்றால் அதற்கே அரை மணி நேரம் ஆகிறது.

அந்த அரை மணி நேரத்தில் ஒரு மகன் எவ்வளவு பேசிவிடுகிறான், தெரியுமா?